ஆரன் தீவில் ஒரு பகல்: கோட்ஃபெல் ஏறிவிட்டு மாலைக் கப்பலைப் பிடிக்க முடியுமா?

கேள்வி: நானும் என் மனைவியும் மே மாதக் கடைசியில் சில நாள் கிளாஸ்கோவில் தங்குகிறோம். அதில் ஒரு நாள் ஆரன் தீவுக்குப் போய், கோட்ஃபெல் மலை ஏறிவிட்டு அன்றைக்கே திரும்ப ஆசை. இருவருக்கும் நாற்பது வயது தாண்டிவிட்டது. திருவண்ணாமலை கிரிவலம் அடிக்கடி போவோம். மனைவிக்கு இறக்கத்தில் மட்டும் முழங்கால் வலிக்கும். இது எங்களால் ஆகிற காரியமா? என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

பதில்: ஆகும். ஆனால் எந்தக் கப்பலில் போய் எந்தக் கப்பலில் திரும்புகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, மலையைப் பற்றி அப்புறம் யோசியுங்கள். ஆரனில் பகல் பயணம் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் நேரக் கணக்குதான்.

மே கடைசியில் அங்கே இரவு ஒன்பதரை வரைக்கும் நல்ல வெளிச்சம் இருக்கும். அதுதான் ஏமாற்றும். மாலை ஐந்து மணிக்கு வெயில் நம் ஊர் மூன்று மணி வெயில் மாதிரி அடிக்கும்போது, அவசரப்பட வேண்டும் என்றே தோன்றாது. கடைசிக் கப்பல் அதற்காகக் காத்திருக்காது.

கால்மாக் நிறுவனத்தின் கப்பல்கள் ஆரனிலுள்ள பிராடிக் துறைக்குப் போகின்றன. பல்லாண்டுகளாகக் கரையிலுள்ள ஆர்ட்ராசன் துறையிலிருந்து போய்க்கொண்டிருந்த சேவை சமீப ஆண்டுகளில் ட்ரூன் துறையிலிருந்தும் புறப்படுகிறது. இரண்டுக்கும் கிளாஸ்கோ சென்ட்ரலிலிருந்துதான் ரயில். ஆனால் இறங்க வேண்டிய ஸ்டேஷன் வேறு. ட்ரூனில் ஸ்டேஷன் துறைமுகத்தை ஒட்டி இல்லை, அங்கிருந்து நடக்கவோ வண்டி பிடிக்கவோ வேண்டும். ஆர்ட்ராசனிலிருந்து கடல் பயணம் ஒரு மணிக்குச் சற்றுக் குறைவு, ட்ரூனிலிருந்து ஒரு மணிக்கு மேல். டிக்கெட் எடுக்கும்போதே எந்தத் துறை என்று பார்த்துவிடுங்கள். காற்று பலமாக இருந்தால் கப்பலை ரத்து செய்துவிடுவார்கள், அதனால் முந்தைய இரவும் அன்று காலையும் நிலவரம் பாருங்கள்.

இனி மலை. கோட்ஃபெல் 874 மீட்டர். நீங்கள் ஏறப்போவது ஏறக்குறைய கடல் மட்டத்திலிருந்து, ஆகவே அந்த உயரம் முழுவதும் உங்கள் கால்கள் ஏறித்தான் ஆக வேண்டும். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதை நடக்கிறவர்களுக்குத் தூரம் ஒரு பொருட்டில்லை. ஆனால் அது சமதளம், இங்கே ஆளைக் களைப்பாக்குவது ஏற்றம். இதைக் கணக்குப் பார்க்க 1892இல் வில்லியம் நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு விதி சொன்னார். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இன்றும் அங்கே மலை நடப்பவர்கள் இதைத்தான் அடிப்படையாக வைக்கிறார்கள்.

மலைப் பாதை தொடங்கும் கிளாடக் என்ற இடத்திலிருந்து உச்சிக்குச் சுமார் 5 கிலோமீட்டர். விதிப்படி பார்த்தால் ஏறுவதற்கு இரண்டரை மணி நேரத்துக்குள் ஆக வேண்டும். ஆனால் அந்த விதி பழகியவர்களுக்கு, அதில் நின்று மூச்சு வாங்குகிற நேரமும் சேரவில்லை. உங்கள் இருவருக்கும் மூன்றேகால் மணி நேரம் வையுங்கள். முழங்கால் வலியோடு இறங்க இரண்டரை மணி. பிராடிக் துறையிலிருந்து கிளாடக் போக விரிகுடாவை ஒட்டி நடந்தால் முக்கால் மணி, திரும்பவும் அதே அளவு. பேருந்து கிடைத்தால் இது மிச்சம்.

காலை 11 மணிக்குப் பிராடிக்கில் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மதியம் 3 மணிக்கு உச்சி, அரை மணி அங்கே, மாலை 6 மணிக்குக் கிளாடக், 7 மணிவாக்கில் துறை. அன்றைய கடைசிக் கப்பல் ஏழரைக்கு முன்பே புறப்பட்டுவிடும் என்றால் உச்சியை விட்டுவிடுங்கள், அல்லது இன்னும் சீக்கிரக் கப்பலில் போங்கள். என் விருப்பம் வேறு: ஒரு இரவு பிராடிக்கில் தங்குங்கள். உங்களிடம் நாட்கள் இருக்கின்றன. அப்படித் தங்கினால் இந்தக் கணக்கு எதுவுமே வேண்டியதில்லை.

பாதை நல்ல பாதை. இந்த மலை 1958 முதல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் பராமரிப்பில் இருக்கிறது. முதலில் பிராடிக் கோட்டைத் தோட்டத்தை ஒட்டிய காட்டுக்குள் போகும். அப்புறம் மரங்கள் விலகி, ஹெதர் புதர் மண்டிய திறந்த வெளி. சாய்வாக ஏறிக்கொண்டே போய் மெயல் பிரெக் என்ற முகட்டைத் தொடும். கோரி கிராமத்திலிருந்து வரும் பாதையும் இங்கேதான் வந்து சேர்கிறது. முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான். இங்கே கண்டிப்பாக உட்காருங்கள், ஏதாவது சாப்பிடுங்கள், மணி பாருங்கள். மேலே மிச்சமிருப்பது 250 மீட்டர் ஏற்றம்போலத்தான், ஆனால் முழுப் பாதையிலும் அதுதான் செங்குத்து. கருங்கல் பாறைகளுக்கு நடுவே கையையும் அவ்வப்போது ஊன்றி ஏற வேண்டியிருக்கும். முழங்காலுக்குச் சோதனையும் அந்தப் பகுதிதான், அதுவும் இறங்கும்போது. மணி இரண்டரையைத் தாண்டிவிட்டாலோ, மேலே மேகம் மூடியிருந்தாலோ, கால் இப்போதே வலித்தாலோ அங்கிருந்தே திரும்பலாம். பிராடிக் விரிகுடாவும் ஹோலி தீவும் முகட்டிலிருந்தே அழகாகத் தெரியும்.

உச்சிக்குப் போனால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் அயர்லாந்து வரை தெரியும். வடமேற்கே சிர் மோர் சிகரம் கூர்மையாக நிற்கும். அந்தப் பக்கம் முகடு நீண்டு போவதைப் பார்த்து, வேறு வழியாக இறங்கலாமே என்று ஆசை வரும். வேண்டாம். வடக்கு முகட்டில் பாறை ஏற வேண்டும், மேற்குச் சரிவு கிளென் ரோசா பள்ளத்தாக்குக்குச் செங்குத்தாக விழுகிறது. வந்த வழியே திரும்புங்கள். மூடுபனி திடீரென்று வந்துவிடும். ஆகவே போனில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைப்பதோடு, ஆர்டனன்ஸ் சர்வே என்ற பிரிட்டிஷ் வரைபட நிறுவனத்தின் 361ஆம் எண் காகித வரைபடமும் ஒரு திசைகாட்டியும் பையில் இருக்கட்டும்.

இருவராக நடப்பதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். வேகமாகப் போகிறவர் மேலே போய் நின்று காத்திருந்தால், வேர்வை காய்ந்து அவருக்குக் குளிர் ஏறும். பின்னால் வருகிறவரோ ஓய்வே எடுக்காமல் அவசரப்பட்டு ஏறுவார். "நீ இங்கேயே இரு, நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்பதும் கூடவே கூடாது. ஒருவர் போதும் என்றால் இருவருக்கும் போதும் என்று கிளாஸ்கோவிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மலையில் நின்று அதைப் பேசினால் ஒருவர் மனசுக்காக இன்னொருவர் வலியை மறைப்பார்.

உடையில் ஜீன்ஸ் வேண்டாம், பருத்தியும் வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை இழுத்துவிடும். கீழே 15 டிகிரி இருக்கும்போது உச்சியில் 9 அளவில் இருக்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று அடித்தால் அது 4 டிகிரி போல உறைக்கும். சீக்கிரம் காயும் உள்ளாடை, ஒரு ஃப்ளீஸ், மழை புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும், தொப்பி, கையுறை, பிடிமானம் உள்ள பூட்ஸ். மனைவிக்கு இரண்டு நடைக்கோல்கள் அவசியம். இறங்கும்போது கோல்களைச் சற்று நீட்டிவைத்து, சின்னச் சின்ன அடியாக வைத்தால் முழங்காலில் விழும் சுமை குறையும். பாதையில் கடை கிடையாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரும் சாப்பாடும் கீழேயே வாங்கிவிடுங்கள். தங்குமிடத்தில் அடுப்பு இருந்தால் புளியோதரை அருமையான மலைச் சாப்பாடு.

மலை வானிலையைத் தனியாகப் பார்க்க வேண்டும், பிராடிக் ஊருக்கான முன்னறிவிப்பு போதாது. உச்சியில் காற்று மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும் என்றால் அன்று ஏற வேண்டாம். நாள் வீணாகாது. பிராடிக்கிலிருந்து பேருந்தில் ஒயிட்டிங் பே போய், கிளெனாஷ்டேல் அருவிக்குக் காட்டு வழியாக நடந்து வாருங்கள். நின்று நின்று போனாலும் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும், மழை பெய்த நாளில்தான் அருவிக்கே அழகு. முழங்கால் பற்றிச் சந்தேகம் அதிகமாக இருந்தால், வெயில் நாளிலும் இதையே தேர்ந்தெடுக்கலாம்.

வழியில் யாருக்காவது அடிபட்டு நடக்க முடியாமல் போனால் 999க்கு அழைத்துப் போலீஸைக் கேட்டு, பிறகு மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். மீட்புக்குக் கட்டணம் கிடையாது, கூச்சப்படவும் தேவையில்லை. சிக்னல் இல்லாவிட்டால் விசிலை நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊதுங்கள்.

மே கடைசியில் மிட்ஜ் என்கிற பொடிக் கொசுக்கள் தலைகாட்ட ஆரம்பிக்கும். காற்று வீசும் இடத்தில் அவை நிற்காது, மருந்து தடவினால் சமாளிக்கலாம். உண்ணிகள்தான் கவலை. புல்லிலும் புதரிலும் காத்திருந்து காலில் ஏறும், சில உண்ணிகள் லைம் நோயைப் பரப்பும். பேன்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். இரவு குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, தொடையிடுக்கு, இடுப்பு எல்லாம் பாருங்கள். ஒருவர் முதுகை மற்றவர் பார்க்கலாம். கடித்துக்கொண்டிருந்தால் நசுக்காமல், மருந்துக்கடையில் கிடைக்கும் உண்ணிக் கொக்கியால் அல்லது நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து எடுங்கள். ஊர் திரும்பிய பிறகு சில வாரங்களுக்குள் கடித்த இடத்தில் வட்டமாகச் சிவந்து பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, டாக்டரிடம் ஸ்காட்லாந்தில் மலை ஏறியதையும் உண்ணி கடித்ததையும் நீங்களே சொல்லிவிடுங்கள். நம் ஊரில் லைம் நோய் அபூர்வம் என்பதால் அவருக்கு உடனே நினைவுக்கு வராமல் போகலாம்.