சாட் குழு தொடங்கினால் ஆட்கள் நிலைப்பார்களா?

கேள்வி: நானும் ஒரு நண்பரும் இரண்டு வருடமாக ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியை (யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய புரோகிராம் தொகுப்பை) பராமரித்து வருகிறோம். புதிதாக வருகிறவர்கள் ஒரு புல் ரிக்வெஸ்ட் (தாங்கள் செய்த மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) அனுப்புகிறார்கள், அதோடு சரி. பெரிய திட்டங்களில் எப்போதும் கலகலவென்று பேச்சு நடக்கிறதே, நாங்களும் ஒரு சாட் குழு தொடங்கலாமா?

பதில்: தொடங்கலாம், தப்பில்லை. ஆனால் பேச்சு அதிகமானதால் அந்தத் திட்டங்கள் பெரிதாயின என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பயன்படுத்துபவர்கள் கூடினாலே கேள்விகளும் தானாகக் கூடும்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். வெளியாட்கள் கடைசியாக அனுப்பிய பத்து புல் ரிக்வெஸ்ட்களைத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் முதல் பதில் எத்தனை நாள் கழித்துப் போனது என்று குறித்துப் பாருங்கள். மாற்றம் மெர்ஜ் ஆன, அதாவது லைப்ரரியில் சேர்ந்த நாளைக் கேட்கவில்லை, முதல் பதிலைத்தான் கேட்கிறேன். மூன்று வாரம் கேட்பாரற்றுக் கிடந்த ஒன்று, அப்புறம் "இது தேவையில்லை" என்ற ஒற்றை வரியோடு மூடப்பட்டிருந்தால், அவர் ஏன் திரும்பி வரவில்லை என்று யாரையும் விசாரிக்க வேண்டாம்.

நேரமில்லை என்பீர்கள். சம்பளமில்லாத வேலை, நியாயம்தான். ஆனால் அனுப்பிய கோட் முழுவதையும் அலசத்தான் நேரம் வேண்டும்; பார்த்துவிட்டேன் என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். இப்படி எழுதலாம்: "நன்றி. பிழை இருக்கும் இடத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். காலி ஃபைல் வந்தால் மட்டும் இது உடையும் என்று தோன்றுகிறது, அதற்கு ஒரு டெஸ்ட் சேர்க்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை மறுபடி பார்க்கிறேன்." எது சரி, எது பாக்கி, அடுத்து யார் கையில், எப்போது என்று நான்கும் இதில் வந்துவிட்டன. வெறும் "நன்றி, பார்க்கிறோம்" இந்த வேலையைச் செய்யாது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது "நானும் ஒரு நண்பரும்" என்பதுதான். முடிவுகளை நீங்கள் இருவரும் போனில் பேசி எடுக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். வெளியே இருப்பவருக்கு முடிவு மட்டும் தெரிகிறது, காரணம் தெரிவதில்லை. அப்பாச்சி என்ற ஓப்பன் சோர்ஸ் அமைப்பின் திட்டங்களில், எல்லோரும் பார்க்கும் மின்னஞ்சல் பட்டியலில் நடக்காதது நடக்கவே இல்லை என்று ஒரு பேச்சு உண்டு. அங்கே ஓட்டெடுப்பைப் பொதுவாக 72 மணி நேரமாவது திறந்து வைப்பார்கள். உலகின் வேறு மூலையில் தூங்கிக்கொண்டிருப்பவரும் எழுந்து வந்து கருத்துச் சொல்லலாம். பைத்தான் நிரலாக்க மொழிக்கான மாற்ற முன்மொழிவுகளில், நிராகரித்த யோசனைகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. அதே யோசனையோடு அடுத்தவர் வந்தால், அந்தப் பகுதியைக் காட்டினால் போதும்.

கதவு மூடியிருந்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு ஜிசிசி கம்பைலர் (எழுதிய புரோகிராமைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) நல்ல உதாரணம். ஒரு சிறு குழுவின் கட்டுப்பாட்டில் மெதுவாக நகர்ந்ததால் பொறுமையிழந்தவர்கள் 1997-ல் ஈஜிசிஎஸ் என்று தனியாகப் பிரிந்தார்கள். அந்தத் திறந்த முறை ஓடிய ஓட்டத்தில், 1999-ல் ஈஜிசிஎஸ்ஸே அதிகாரபூர்வ ஜிசிசி ஆகிவிட்டது.

இங்கேதான் சாட் குழு பற்றி எனக்குத் தயக்கம். அரட்டையில் எடுத்த முடிவு மறுநாள் ஐந்நூறு செய்திகளுக்கு அடியில் புதைந்துவிடும். குழு வைத்தால், அங்கே முடிவானதை அன்றே நான்கு வரியில் அந்தந்த இஷ்யூவில் (அந்தப் பிரச்சினைக்கான பொதுப் பக்கத்தில்) எழுதிவைப்பவர் யார் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். கடைசி வார்த்தை யாருடையது என்பதையும் எழுதிவையுங்கள். திறந்து பேசினால் சண்டையே வராது என்றில்லை. பைத்தானில் ':=' குறியீட்டைச் சேர்ப்பதைப் பற்றிய நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு, 2018-ல் பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம் தலைமைப் பொறுப்பையே விட்டு விலகினார்.

இன்னொன்று. ஒரு பிழையைத் திருத்திவிட்டுப் போகிறவர்களில் பலருக்கு அந்தத் திருத்தம் மட்டும்தான் தேவைப்பட்டிருக்கும். அவர்களுக்காக வருந்த வேண்டாம். இரண்டாவது முறை வருகிறவரைக் கவனியுங்கள். அடுத்து வரும் புல் ரிக்வெஸ்ட்டை முதலில் பார்த்துத் தருவீர்களா என்று அவரிடம் கேளுங்கள்.