போர்ச்சுகலின் ஓபிடோஸை ஏன் 'ராணிகளின் ஊர்' என்கிறார்கள்? அங்கே என்ன பார்க்கலாம்?

லிஸ்பனுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், மதில் சூழ்ந்த சின்னஞ்சிறு ஊர் ஓபிடோஸ். 1148-ல் அஃபோன்சோ என்ரிக்கெஸ் மன்னர் இதை மூர்களிடமிருந்து (வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஆண்ட முஸ்லிம்கள்) கைப்பற்றினார். பிறகு தினிஷ் மன்னர் தம் மனைவி இசபெலுக்கு ஊரையே சீதனமாகக் கொடுத்தார். நகையல்ல, வரி வசூலோடு கூடிய ஊர்! அந்த வழக்கம் தொடர்ந்து, 1834 வரை இது அரசிகளின் உடைமையாகவே இருந்தது. அவர்களில் ஒருவரான காத்ரீன் 16-ஆம் நூற்றாண்டில் கட்டுவித்த நீர்க்கால்வாய்ப் பாலம் மதிலுக்கு வெளியே இன்றும் நிற்கிறது.

நீலமும் வெள்ளையுமான ஓடுகள் பதித்த நகர வாசலைக் கடந்தால் நேராகக் கடைத்தெரு. கூட்டத்தில் சிக்காமல் சாந்தா மரியா தேவாலயத்துக்குப் போய்விடுங்கள். 1441-ல் ஐந்தாம் அஃபோன்சோவுக்கும் அவருடைய உறவுப்பெண்ணுக்கும் இங்கேதான் திருமணம். இருவருக்கும் பத்து வயதுகூட நிரம்பவில்லை. உள்ளே ஜோசெஃபா டி ஓபிடோஸின் ஓவியங்களைத் தவறவிடாதீர்கள். 17-ஆம் நூற்றாண்டில் ஒரு பெண் தூரிகையை நம்பியே வாழ்ந்து புகழும் பெற்றது சாதாரணம் அல்ல. பழைய சந்தியாகு தேவாலயம் இப்போது புத்தகக் கடை. கோட்டை 1950-களிலேயே தங்கும் விடுதியாகிவிட்டது.

சாக்லேட் கிண்ணத்தில் தரும் புளிப்புச் செர்ரி மதுவான 'ஜிஞ்ஜா' இங்கே பிரபலம். எனக்கென்னவோ அது சுற்றுலாப் பயணிகளுக்கான வேடிக்கையாகவே படுகிறது. நேரமிருந்தால் பக்கத்து ஊரான கால்டாஸ் டா ரைன்யாவுக்கும் செல்லுங்கள். வெந்நீர் ஊற்றருகே லியோனோர் அரசி 15-ஆம் நூற்றாண்டில் நிறுவிய மருத்துவமனை அங்கே உள்ளது.

மதில்மேல் நடப்பவர்கள் கவனம்: உட்புறம் பெரும்பாலும் கைப்பிடிச் சுவர் கிடையாது. குழந்தைகளோடு ஏற வேண்டாம்.