முகாமில் பிறந்தவர் எந்த நாட்டவர்?

(பாளையங்கோட்டையில், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களின் மனுக்களைப் பல ஆண்டுகளாக எழுதித்தரும் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்கப்பட்டவை.)

கேள்வி (பெருமாள்புரம்): அண்ணாச்சி, என் மனைவி 1986இல் மண்டபம் முகாமில் பிறந்தவர். குடியுரிமைக்கு யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும்?

பதில்: விண்ணப்பிக்கவே வேண்டாம், அவர் பிறப்பாலேயே இந்தியர். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, 26.1.1950 முதல் 30.6.1987 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராயினும், இந்தியக் குடிமக்களே. (தூதர் பிள்ளைகள் போன்ற விலக்குகள் நமக்குப் பொருந்தா.) அதே ஆண்டில் அதே முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது, 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அவர் கையில் பிறப்புச் சான்றிதழ் இருந்தது என்பதை மறவாதீர்கள். உங்கள் மனைவியிடம் அது இல்லையெனில், முதலில் அதைப் பெறுங்கள். பிறப்பே பதிவாகாதிருந்தால், தாமதப் பதிவுக்கு அப்பகுதி வருவாய்க் கோட்டாட்சியரை அணுகுங்கள். முகாம் பதிவேட்டில் பெயர் இருப்பதால் மட்டும் பிறப்புரிமை போய்விடாது.

கேள்வி (அதே குடும்பம்): அவருடைய தம்பி 1990இல் பிறந்தவர். அவருக்கும் இது பொருந்துமா?

பதில்: பொருந்தாது. 1.7.1987 முதல் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவரில் அக்கா இந்தியர், தம்பி அகதி என்பது எனக்கே ஒப்பவில்லை. ஆயினும் சட்டம் அப்படித்தான் உள்ளது.

கேள்வி (கோபாலசமுத்திரம்): நான் முகாமைச் சேர்ந்தவள், கணவர் உள்ளூர்க்காரர். 2015இல் பிறந்த எங்கள் மகள் இந்தியரா?

பதில்: சிக்கல் இங்கேதான். 3.12.2004 முதல், ஒருவர் இந்தியராயிருப்பது மட்டும் போதாது. மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கவும் கூடாது. கடவுச்சீட்டின்றிப் படகில் வந்தோரை அரசு அவ்வாறே வகைப்படுத்துகிறது. நீங்கள் கடவுச்சீட்டும் விசாவுமாக விமானத்தில் வந்திருந்தால் அந்தத் தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். இந்தியரை மணந்தவர் ஏழு ஆண்டு வசித்தபின் பதிவு மூலம் குடியுரிமை கோரும் வழியையும் இதே சொல்தான் அடைக்கிறது.

கேள்வி (சமூகரெங்கபுரம்): பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறேன். இது குற்றமாகுமா, ஐயா?

பதில்: ஆகாது என்றே நடைமுறை இருக்கிறது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடாததால், வேலை செய்யும் உரிமை என்று எழுதிவைத்த சட்டம் எதுவும் இல்லை; கூலி வேலையை அதிகாரிகள் தடுப்பதுமில்லை. முகாம் கணக்கெடுப்பு நாளில் மட்டும் வந்துவிடுங்கள். தவறினால் உதவித்தொகை நிற்கும். 2021இல் அத்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

கேள்வி (அவரே): 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் எங்களுக்கு உதவுமா?

பதில்: உதவாது. அது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளுக்கு மட்டுமே.