ஆக்ஸிமீட்டரைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள்

வாசகர் கேள்வி - பதில், ஜூன் 2021

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கொரோனா பயம்தான். மீதிக் கடிதங்களும் மாமியார், வேலை, கடன் என்று எங்கெங்கோ ஆரம்பித்துக் கடைசிப் பத்தியில் அங்கேயே வந்து நிற்கின்றன. நான் 32 வருடம் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்தவள். அதில் கடைசிப் பதினெட்டு வருடம் மனநலப் பிரிவில். டாக்டர் இல்லை. ஆகவே தூக்க மாத்திரையின் பெயர் கேட்டு எழுதியிருக்கும் ஐந்தாறு பேர் இங்கே பதிலைத் தேட வேண்டாம்.

அக்கா, ஏப்ரல் கடைசியில் என் கணவருக்குக் கொரோனா வந்து, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிட்டார், வேலையும் பார்க்கிறார். ஆனால் நான் சரியாகத் தூங்கி ஒரு மாதம் ஆகிறது. ராத்திரி பதினொரு மணி, ஒரு மணி, மூன்று மணி என்று எழுந்து அவர் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டி, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்க்கிறேன். அப்புறம் பிள்ளைகள் இருவருக்கும். அப்புறம் எனக்கு. எல்லாருக்கும் 97, 98 என்றுதான் காட்டுகிறது. இருந்தும் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல் நுனியும் உதடும் மரத்துப்போகின்றன. எனக்கும் வந்துவிட்டது என்று மூன்று தடவை டெஸ்ட் எடுத்தேன். மூன்றும் நெகட்டிவ். வீட்டில் சிரிக்கிறார்கள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா?
- பெயர் வேண்டாம், தென்காசி

இல்லை, தங்கச்சி. சிரிக்கிறவர்களிடம் நான் சொன்னதாக ஒன்று சொல்லுங்கள். அவர் ஒன்பது நாள் உள்ளே இருந்தார், நீங்கள் ஒன்பது நாள் வாசலில் இருந்தீர்கள். அவருக்கு டிஸ்சார்ஜ் எழுதிக் கொடுத்தார்கள். உங்களுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

என் கதையைக் கேளுங்கள். போன வருடம் செப்டம்பரில் எனக்குத் தொற்று வந்தது. மாடி அறையில் தனியாக இருந்தேன். என் மகன் ஒரு ஆக்ஸிமீட்டரை வாங்கிக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனான். முதல் நாள் நான்கு தடவை பார்த்தேன். மூன்றாம் நாள் எத்தனை தடவை என்று எண்ணவில்லை, செல் தீர்ந்துபோய் வேறு செல் போட்டேன். அன்று ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் எழுந்து, குடித்த தம்ளரைக் குழாயடியில் கழுவி வைத்துவிட்டு வந்து விரலை உள்ளே விட்டால் 86! கீழே படுத்திருந்த மகனைப் போனில் எழுப்பி, அவன் பதறி 108-க்கு அடிக்கப் போக, நான் இரண்டு கையையும் பரபரவென்று தேய்த்துக்கொண்டு மறுபடியும் வைத்துப் பார்த்தேன். 97. விரல் சில்லிட்டிருந்தாலும், நகப்பூச்சு போட்டிருந்தாலும் அந்த மெஷின் தப்பாகக் காட்டும் என்று நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்! என் மகன் இன்னமும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

இப்போது உங்கள் மூச்சு முட்டலுக்கு வருவோம். பயந்தால் நாம் வேகவேகமாக மூச்சு வாங்குவோம். அப்படி வாங்கினால் உடம்பிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடு அளவுக்கு மீறி வெளியே போய்விடும். விரல் நுனி மரப்பது, உதடு குறுகுறுப்பது, தலை சுற்றுவது எல்லாம் அதனால்தான். ஆக்ஸிஜன் குறைந்ததால் அல்ல. அதனால்தான் மூச்சே இல்லை என்று நீங்கள் தவிக்கும் நேரத்திலும் மெஷின் 98 என்று காட்டுகிறது. அந்தப் படபடப்பு பெரும்பாலும் பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் தானாக இறங்கிவிடும். ஆனால் இறங்குகிற நேரத்தில் கையில் மெஷின் இருப்பதால், மெஷின்தான் காப்பாற்றியது என்று மனசு கணக்கு எழுதிக்கொள்கிறது. கடன்காரனுக்கு வட்டி கட்டுகிற மாதிரிதான் இது. கட்டினால் அன்றைக்கு வாசலை விட்டுப் போவான். அசல் அப்படியே நிற்கும். அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் வருவான்.

ஆகவே வட்டி கட்டுவதைக் குறையுங்கள். காலை எட்டு மணி, இரவு எட்டு மணி, உங்கள் கணவருக்கு மட்டும். பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் வேண்டவே வேண்டாம். ஒரு நோட்டில் எழுதுங்கள். இரவு எட்டு மணிக்குப் பார்த்த கையோடு அந்த மெஷினைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். அலமாரியில் வைத்துப் பூட்டினால் மூன்று மணிக்குச் சாவி தேடுவீர்கள், எனக்குத் தெரியும். முதல் நான்கைந்து ராத்திரி இப்போதைவிட மோசமாகத்தான் இருக்கும். பாதியில் விடாதீர்கள்.

முழிப்பு வந்தால் படுத்தே கிடக்காமல் எழுந்து உட்கார்ந்து பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். விடுவதுதான் நீளமாக இருக்க வேண்டும். எண்ணப் பிடிக்காவிட்டால் தெரிந்த பாட்டை மெல்ல முணுமுணுங்கள், அதிலும் விடும் மூச்சு தானாக நீளும். சினிமாவில் வருகிற மாதிரி காகிதப் பையை வாயில் வைத்து மூச்சு விட வேண்டாம். அது சிலருக்கு ஆபத்து. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் காபியை நிறுத்துங்கள். தைராய்டு கூடினாலும் இப்படிப் படபடக்கும், ஒரு தடவை ரத்தம் பரிசோதித்துவிடுங்கள்.

கணவருக்குக் கை சூடாக இருக்கும்போது இரண்டு தடவை பார்த்தும் 94-க்குக் கீழே காட்டினாலோ, யாருக்காவது நெஞ்சுவலி வந்தாலோ, இதெல்லாம் பயம் என்று ஒதுக்காமல் உடனே கிளம்புங்கள். மற்றபடி நான்கு வாரம் இப்படிச் செய்தும் தூக்கம் வரவில்லை என்றால், மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். காசு கிடையாது. மூன்று டெஸ்ட்டுக்குச் செலவழித்ததை நினைத்துப் பாருங்கள்!

அம்மா, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 64 பேர். காலை ஆறு மணிக்கே பெரியப்பா ஆரம்பித்துவிடுவார். எந்த ஊரில் யார் இறந்தார், எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை, எந்தக் கஷாயம் குடித்தால் கொரோனா வராது என்று வரிசையாக வரும். பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. குழுவை விட்டு விலகிவிடலாமா?
- வாசகி, கோயம்புத்தூர்

விலகாதீர்கள். குழுவை விட்டுப் போனது அடுத்த கல்யாணப் பந்தி வரைக்கும் பேச்சாக ஓடும். மியூட் பண்ணுங்கள். எட்டு மணி நேரம், ஒரு வாரம் என்பதோடு 'எப்போதும்' என்றும் ஒன்று இருக்கிறது. அதை அழுத்துங்கள். பெரியப்பாவுக்குத் தெரியாது.

செய்தியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எதுவுமே தெரியாமல் இருந்தால் கற்பனை இன்னும் மோசமாகப் போகும். தினமும் சாயங்காலம் சுகாதாரத் துறையின் அறிக்கை வருகிறது. அதை ஒரு தடவை பாருங்கள், போதும். மே 21-ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று என்று வந்தது. அதே எண்ணைப் பத்துக் குழுவில் பத்துத் தடவை பார்த்தால் வயிற்றுக்கு அது பத்து மடங்குதான். அப்புறம் எண்ணிக்கை இறங்கி, இப்போது பாதிக்கும் கீழே வந்துவிட்டது. இறங்குகிற எண்ணை உங்கள் குழுவில் யாராவது அனுப்பினார்களா?

இன்னொன்று. பெரியப்பாவை வாரத்துக்கு ஒரு தடவை போனில் கூப்பிட்டுப் பேசுங்கள். காலை ஆறு மணிக்கு எழுந்து சாவுச் செய்தி அனுப்புகிற மனிதர் ராத்திரி நன்றாகத் தூங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

மேடம், என் வயது 26. வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. மே 14 அன்று அப்பா கொரோனாவில் இறந்துவிட்டார். பையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். சுடுகாட்டில் பத்தடி தள்ளி நின்று ஒரு நிமிடம் முகத்தைப் பார்த்தேன், அதுவும் பிளாஸ்டிக் வழியாக. வாய்க்கரிசிகூடப் போட முடியவில்லை. நான்தான் வெளியே சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பதினாறாம் நாள் எல்லாரும் அழுதார்கள், எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஆனால் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வண்டி ஹேண்டில்பார் பிடித்த கை நடுங்குகிறது. நான் கல்நெஞ்சக்காரனா?
- வாசகர், வியாசர்பாடி

கல்நெஞ்சக்காரனுக்குக் கை நடுங்காது, தம்பி.

என் கணவர் 2014-இல் போனார். நான் நர்ஸ் அல்லவா, எல்லாவற்றையும் நானே நின்று பார்த்தேன். சான்றிதழ் வாங்கினேன், வந்தவர்களுக்குக் காபி சொன்னேன், பதின்மூன்று நாளும் அழவில்லை. சொந்தக்காரர்கள் ஒருமாதிரிப் பார்த்தார்கள். நாற்பது நாள் கழித்து ஒருநாள் கேஸ் சிலிண்டர் போட வந்த பையன் வாசலில் நின்று, ரசீதில் இருந்த அவர் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டான். அவ்வளவுதான். சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதேன். அந்தப் பையன் பாவம், பணம் வாங்காமலே போய்விட்டான். சிலருக்கு அழுகை காரியத்தன்று வராது. அதற்கென்று ஒரு கேஸ் பையன் வர வேண்டியிருக்கும். வராமலே போனாலும் பாசம் இல்லை என்று அர்த்தமில்லை.

நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றக்கூடிய நோய் இது. அப்பா பால் வாங்கப் போயிருப்பார், மாத்திரை வாங்கப் போயிருப்பார், பக்கத்து வீட்டுக்காரரோடு திண்ணையில் பேசியிருப்பார். யார் மூச்சிலிருந்து வந்தது என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. ஒருவேளை உங்களிடமிருந்தே வந்திருக்கட்டும். நீங்கள் ஊர் சுற்றவா போனீர்கள்? அந்தச் சம்பளத்தில்தானே வீட்டு வாடகை போனது, அப்பாவுக்கு மாத்திரை வந்தது? உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லியிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று ஒரு தாளில் அவர் பேசுகிற மாதிரியே எழுதிப் பாருங்கள். திட்டுவார் என்றால் திட்டையும் எழுதுங்கள்.

வாய்க்கரிசி போட முடியாதது உள்ளே கிடந்து அறுக்கும். அந்த மனக்குறை இந்த வருடம் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. மாதத் திதி வருகிற நாளில், வீட்டில் இருக்கிற நான்கு பேர் போதும், அவர் படத்துக்கு முன்னால் அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படையுங்கள். சாப்பிட்டபின் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசுங்கள். செத்த கதை வேண்டாம், வாழ்ந்த கதை. அவர் சட்டைகளை யாராவது மூட்டை கட்டச் சொன்னால், அவசரம் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வண்டியை ஓரம் கட்டி இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். சத்தம் கடந்து போகட்டும், கை நிற்கட்டும், அப்புறம் கிளம்புங்கள். சாப்பாடு ஐந்து நிமிடம் தாமதமாகப் போய்ச் சேரட்டும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். நானும் போய்விடலாம் என்று எப்போதாவது தோன்றுகிறதா? தோன்றினால் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், 104-க்குப் போன் பண்ணுங்கள். ராத்திரியானாலும் எடுப்பார்கள். நீங்கள் இருப்பது சென்னையில். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்கு நேராகப் போகலாம். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே சிரிக்கிற பழக்கம் நமக்கு இருக்கிறது. 1794-இல் தொடங்கிய மருத்துவமனை அது. அங்கே வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனையோ பேர் உங்களையும் என்னையும் போலத் தூக்கம் வராதவர்கள்தான்.

ஆன்ட்டி, பிளஸ் டூ தேர்வை ரத்து பண்ணிவிட்டார்கள். தோழிகள் எல்லாரும் ஜாலியாக இருக்கிறார்கள். எனக்கு மட்டும் தினமும் நாலரை மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது, ஹாஸ்டல் மணி அடிக்கிற நேரம் அது. எழுந்தால் படிக்க ஒன்றும் இல்லை. மதிப்பெண் எப்படிப் போடுவார்கள் என்று யூடியூப்பில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். அழுகையாக வருகிறது.
- மாணவி, நாமக்கல்

மணிச் சத்தத்துக்கே எழுந்து பழகிய உடம்பு, பாப்பா. தேர்வு ரத்து என்று ஜூன் 5-ஆம் தேதி முதலமைச்சர் அறிவித்தது உன் காதுக்கு வந்துவிட்டது. உடம்புக்கு இன்னும் வரவில்லை. மதிப்பெண்ணை எப்படிக் கணக்கிடுவது என்று முடிவு செய்யக் குழு போட்டிருக்கிறார்கள். அவர்களே இன்னும் சொல்லாததை யூடியூப்காரர் எப்படிச் சொல்வார்? தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவை செய்தியைப் பார், அவ்வளவுதான்.

நாலரைக்கு முழிப்பு வந்தால் போனைத் தொடாதே. வாசல் தெளித்துக் கோலம் போடு. ஹாஸ்டலில் இருந்ததில் புள்ளி வைக்கவே மறந்திருப்பாய், கோணலாக வந்தால் வரட்டும். பகலில் தூங்காதே. படுக்கையை ராத்திரி பத்து மணிக்குத்தான் விரிக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து எனக்கு மறுபடியும் எழுது. மதிப்பெண்ணை எழுத வேண்டாம். எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று எழுது.