கிறிஸ்தவத்தில்தான் சாதி இல்லையே, பிறகு தலித் கிறிஸ்தவர்கள் ஏன் பட்டியலினத் தகுதி கேட்கிறார்கள்?

கேள்வியின் முதல் பாதியைத் திருத்தாமல் இரண்டாம் பாதிக்குப் பதில் சொல்ல முடியாது. வேதத்தில் சாதி இல்லை, சபையில் இருக்கிறது. நான் பிறந்தது நாகர்கோவில் பக்கம், ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) நாடார் குடும்பத்தில். திருமணத்துக்குப் பிறகு பெங்களூரு லிங்கராஜபுரம். இரண்டு ஊர்ச் சபைகளையும் உள்ளே இருந்து பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியேதான். தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித்துகள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். கர்நாடகத்தில் பிற்படுத்தப்பட்டோரின் முதலாம் பிரிவில். படிப்புக்கும் வேலைக்கும் அது ஓரளவு கைகொடுக்கும். ஆனால் தனித்தொகுதியில் நிற்க முடியாது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் துணைக்கு வராது. சலுகைக்காக மதம் மாறுகிறார்கள் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை. ஒரு தலித் ஞானஸ்நானம் பெற்றால், கையில் இருப்பதும் போகும்.

சூசை என்பவரின் வழக்கைச் சொல்ல வேண்டும். ஆதிதிராவிடராகப் பிறந்து கிறிஸ்தவரானவர். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். அந்தத் தொழில் செய்வோருக்கு அரசு இலவசமாக பங்க் கடை வழங்கியபோது, கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் மனு தள்ளுபடியானது. மதம் மாறிய பின்பும் அதே கடுமையோடு சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதைக் காட்ட நீதிமன்றத்தின் முன் ஆதாரம் வைக்கப்படவில்லை என்பது முக்கியக் காரணம்.

தெருவில் உட்கார்ந்து செருப்புத் தைக்கிறவர் ஆதாரத்துக்கு எங்கே போவார்? ஆதாரமெல்லாம் சபையின் பீரோவில் இருந்தது: ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, யாருக்கு எந்தக் கல்லறைத் தோட்டம் என்ற விவரம். ஆனால் சபை என்ன சொல்லிக்கொண்டிருந்தது? ‘கிறிஸ்துவுக்குள் நாம் எல்லோரும் ஒன்று, நமக்குள் சாதி இல்லை.’ பிரசங்க பீடத்தில் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதே வாக்கியம் வழக்குமன்றத்துக்குப் போனால், சபையே தன் ஏழைகளுக்கு எதிராகச் சாட்சி சொன்னதாகிவிடுகிறது. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

பழைய சங்கதிதான் இது. நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலை 1872இல் கட்டியபோது, வெள்ளாளருக்கும் நாடாருக்கும் தனித்தனிப் பகுதி வைத்து இடையில் சுவரும் எழுப்பினார்கள். பீடம் ஒன்று, பூசை ஒன்று. பார்க்கும் மக்கள் மட்டும் இரண்டு. 1910இல் சுவரை இடித்ததும் வெள்ளாளர் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். இதை எங்கள் வீட்டார் உற்சாகமாகச் சொல்வார்கள், ஏனென்றால் இந்தக் கதையில் நாங்கள் பாதிக்கப்பட்டவர்கள். மேலாடைப் போராட்டமும் அப்படியே. 1859இல் திருவிதாங்கூர் மகாராஜா நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று ஆணையிட்டார், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. எங்கள் பாட்டி அந்த நிபந்தனையைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் குரல் ஏறும்.

அதே பாட்டியின் ஊரில் தலித் கிறிஸ்தவர்களான சாம்பவர்களுக்குத் தனி ஆலயம். அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, அவர்கள் கடைசிப் பந்தி. இதைப் பற்றி யாரும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் ஏழைக்கு நிற்க இடமும் காட்டுகிறீர்களே என்று யாக்கோபு தன் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கேட்பதை மட்டும் வரி பிசகாமல் ஒப்பிப்போம்.

பெங்களூருக்கு வந்தால் இதெல்லாம் கரைந்துவிடும் என்று சொல்வார்கள். 2025இல் கர்நாடக அரசின் சமூக, கல்விக் கணக்கெடுப்பில், சாதிப் பெயரோடு கிறிஸ்தவர் என்று சேர்த்த பிரிவுகள் இருந்ததால் பெரிய சர்ச்சை கிளம்பியது நினைவிருக்கலாம். எங்கள் வீட்டுக்கு வந்த ஆசிரியை மதத்தைப் பதிந்துவிட்டு, கைப்பேசித் திரையைப் பார்த்தபடி சாதியைக் கேட்டார். ‘நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்களுக்குச் சாதி கிடையாது’ என்று மாமி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். கொழுந்தனுக்குப் பெண் தேடி, நம் ஆட்களாகப் பாருங்கள் என்று நாகர்கோவிலுக்குத் தினமும் போன் போட்டுக்கொண்டிருந்தவரும் அவர்தான். ‘நாடார் என்று எழுதிக்கொள்ளுங்கள், மேடம்’ என்றேன். இரவுவரை மாமி என்னோடு பேசவில்லை.

கீழ்வீட்டு அக்கா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்தவர், தலித் கிறிஸ்தவர். அவர் வீட்டுக்கு ஆசிரியை போவதற்குள் மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டார். ‘எதைச் சொன்னால் என் பையனுக்கு நல்லது, சொல்லு’ என்றார். மாமிக்கு இப்படி ஒரு கேள்வி வாழ்நாளில் எழுந்திருக்காது. சாதி இல்லை என்று சொல்வதால் எங்களுக்கு நிலமோ வேலையோ மரியாதையோ குறையப்போவதில்லை. அக்காவுக்கோ சொன்னாலும் நட்டம், சொல்லாவிட்டாலும் நட்டம்.

வாய் திறந்து பேசிய கிறிஸ்தவர்கள் இல்லாமல் இல்லை. இந்த நகரத்திலேயே, மில்லர்ஸ் சாலையில் உள்ள ஐக்கிய இறையியல் கல்லூரியில், 1981இல் இறையியலாளர் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரை பின்னாளில் தலித் இறையியல் என்று வளர்ந்தது. 2016இல் கத்தோலிக்க ஆயர் பேரவை கொள்கை ஆவணம் ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 2007இல் மத்திய அரசு அமைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 1950ஆம் ஆண்டு ஆணையின் அந்த மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லியும் அரசுகள் கண்டுகொள்ளவில்லை. 2022இல் இதே கேள்வியை ஆராய, முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்தார்கள்.

இவ்வளவும் தெரிந்து ஏன் சபையில் இருக்கிறாய் என்று அடுத்த கேள்வி வரும். என் கொள்ளுப்பாட்டிக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தது சபை. அதைவிட, நான் ஜெபிக்கிறேன்; என் ஆண்டவரைச் சபைக் கமிட்டியின் சொத்தாக நான் நினைக்கவில்லை.

ஆணையமோ நீதிமன்றமோ மறுபடி ஆதாரம் கேட்டால், தலித்துகளை அலையவிட வேண்டியதில்லை. எந்தத் தமிழ்க் கிறிஸ்தவப் பத்திரிகையிலும் மணமக்கள் தேவைப் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தால் போதும். ‘இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற, சி.எஸ்.ஐ. நாடார் மணமகள் தேவை’ என்று நாங்களே காசு கட்டி அச்சிட்டிருக்கிறோம்.