பொறுப்பும் ஓர் அரிவாளும்

கேள்வி: 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரக் கத்தோலிக்கக் கோவிலில், பள்ளிப் பிள்ளைகள் திருப்பலியில் இருந்தபோது ஜன்னல் வழியாகச் சுட்டதில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். 'ஜெபிக்கிறோம்' என்று வரிசையாக அறிக்கைகள் வந்தன. துப்பாக்கி விஷயத்தில் சபைகளுக்கு ஜெபம் தவிர வேறு பொறுப்பே கிடையாதா? (பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: 'பொறுப்பு' என்று எழுதிவிட்டீர்கள். அந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்குக் கை அரிக்கும். இந்தப் பத்திரிகையில் என் பெயருக்கு முன்னால் 'பொறுப்பாசிரியர்' என்றுதான் போட்டிருக்கிறார்கள். அச்சுப்பிழைக்கு நான் பொறுப்பு. தபாலில் தொலைந்த இதழுக்கும் நான்தான் பொறுப்பு. விளம்பரம் வராததற்கு மட்டும் உலகப் பொருளாதாரம் பொறுப்பு.

பொறு என்கிற ஒரே வேரில்தான் பொறுப்பு, பொறுமை, பொறுத்தல் எல்லாம். சுமப்பதும் பொறுப்பது, சகிப்பதும் பொறுப்பது, மன்னிப்பதும் பொறுப்பது. கத்தோலிக்கர்கள் 'எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்' என்று ஜெபிப்பார்கள். நான் வளர்ந்த சீர்திருத்தச் சபையில் 'எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்.' இதில் எனக்கு ஒரு பழைய சண்டை உண்டு. திருத்தப் பெட்டியில் 'மன்னிக்கவும்' என்று போடும்போதெல்லாம் ஒரு தனித்தமிழ் அன்பர் அஞ்சலட்டை அனுப்புவார்: 'மன்னிப்பு தமிழ் அன்று. பொறுத்தருள்க என எழுதும்.' பதினோரு வருடமாக இப்படி. ஒருமுறை பயந்துபோய் 'பொறுத்தருள்க' என்றே போட்டேன். அடுத்த வாரம் அட்டை வந்தது: 'இத்தனை பிழைகளைப் பொறுக்க முடியாது.'

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுமப்பதையும் மன்னிப்பதையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிக்கொள்வதில் அமெரிக்கச் சபைகள் நம்மை மிஞ்சியவை.

2015 ஜூன் 17, புதன்கிழமை இரவு. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் இம்மானுவேல் ஆலயம், கறுப்பின மெதடிஸ்டுகளின் பழம்பெரும் சபை. வேதபாட வகுப்பு. முன்பின் தெரியாத வெள்ளை இளைஞன் ஒருவன் வருகிறான். போதகர் தம் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் கையில் வேதாகமத்தையும் கொடுக்கிறார். அன்றைக்குப் பாடம் மாற்கு 4, விதைக்கிறவன் உவமை. ஏறக்குறைய ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறான். முடிவு ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடியதும் சுடுகிறான். போதகர் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள்.

இரண்டே நாளில் நீதிமன்றத்தில் அவனை வீடியோத் திரையில் காட்டினார்கள். இறந்தவர்களின் உறவினர்கள் சிலர் எழுந்து, 'உன்னை மன்னிக்கிறேன்' என்றார்கள். இன்றைக்கும் அதைப் படித்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் அப்புறம் நடந்தது வேறு. நாடே அந்த மன்னிப்பைக் கொண்டாடியது, ஏதோ தனக்கும் சேர்த்து மன்னிப்புக் கிடைத்துவிட்ட மாதிரி. அந்தத் துப்பாக்கி அவன் கைக்கு எப்படிப் போனது தெரியுமா? கடையில் வாங்கும்போது பின்னணியைச் சரிபார்க்க வேண்டும். போதைப்பொருள் வைத்திருந்ததாக அவனே ஒப்புக்கொண்ட பதிவு ஒன்று இருந்தது. அது கண்ணில் பட்டிருந்தால் விற்றிருக்க முடியாது. மூன்று வேலை நாளுக்குள் முடிவு வராவிட்டால் கடைக்காரர் விற்கலாம் என்பது சட்டம். வரவில்லை. விற்றார். அந்த ஓட்டைக்கே 'சார்ல்ஸ்டன் ஓட்டை' என்று பெயர் வந்துவிட்டது. 2022-ல் வந்த சட்டம் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் சரிபார்க்கும் நாள்களைக் கூட்டியது. இவனுக்கு வாங்கும்போதே 21 ஆகியிருந்தது.

மன்னித்தவர்கள் தங்களுக்கு உரியதைக் கொடுத்தார்கள். அதைக் கொடுக்கிற உரிமை செனட்டர்களுக்கோ தொலைக்காட்சிப் பிரசங்கிமார்களுக்கோ கிடையாது. அவர்களுக்கு இருந்தது இன்னொரு பொறுப்பு. அதைத்தான் இரண்டு கையாலும் தள்ளிவிட்டார்கள்.

'கோயிலுக்குள் துப்பாக்கியா!' என்று பதறுகிறீர்கள். பதற வேண்டாம், பழைய வழக்கம்தான். இதே தென் கரோலினாவில் 1739 செப்டம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1743-ல் சட்டமே போட்டார்கள்: வெள்ளை ஆண்கள் ஆராதனைக்கு ஆயுதத்தோடுதான் வர வேண்டும். பக்கத்து ஜார்ஜியா 1770-ல் இதே சட்டத்தைப் போட்டு, கொண்டுவருகிறார்களா என்று சோதிக்கும் வேலையைச் சபை மூப்பர்கள் தலையில் கட்டியது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் உட்பட. நம் ஊர் மூப்பர்கள் காணிக்கைப் பையைத்தான் பார்ப்பார்கள். அந்த ஊர் மூப்பர் இடுப்பையும் பார்க்க வேண்டியிருந்தது. இம்மானுவேல் ஆலயத்தில் செத்தவர்கள் யாருடைய வம்சம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கோவிலில் துப்பாக்கி வேண்டும் என்கிற எதிர்க்கட்சிக்கும் ஒரு வாய்தா கொடுக்க வேண்டும். 2019 டிசம்பர் 29, டெக்ஸாஸில் ஒயிட் செட்டில்மென்ட் என்ற ஊர். திருவிருந்து பரிமாறும் நேரத்தில் ஒருவன் எழுந்து இரண்டு பேரைச் சுட்டான். சபையின் பாதுகாப்புக் குழுவில் இருந்த விசுவாசி ஒருவர் ஆறே விநாடியில் அவனைச் சுட்டு வீழ்த்தினார். நேரலையில் எல்லோரும் பார்த்தார்கள். அந்த ஆறு விநாடியை ஒதுக்கிவிட்டு நான் பேசினால் அது நேர்மை இல்லை. அவர் இல்லாவிட்டால் இன்னும் எத்தனை பேரோ. ஆனால் 2023-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அதில் ஏறக்குறைய 27,300 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். கோவில் வாசலில் எத்தனை பேரை நிறுத்தினாலும், ராத்திரி படுக்கையறை அலமாரியைத் திறக்கிறவனை அவர்கள் எப்படித் தடுப்பார்கள்? வீடு சந்திக்கப் போகிற போதகர் காப்பியைக் குடித்துவிட்டு, 'தம்பி முகமே சரியில்லையே, வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைத்திருக்கிறீர்களா?' என்று கேட்கலாம். கேட்டால் அடுத்த மாதம் காணிக்கை குறையும் என்பதுதான் கஷ்டம்.

ஏசாயா தீர்க்கதரிசி சொன்னது எல்லோருக்கும் தெரியும்: 'தங்கள் பட்டயங்களை மண்வெட்டிகளாகவும், தங்கள் ஈட்டிகளை அரிவாள்களாகவும் அடிப்பார்கள்.' நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். எட்டு வயதில் ஞாயிறு பள்ளியில் இதைக் கேட்டதும் எனக்கு நியாயமான சந்தேகம் வந்தது. ஈட்டியை அரிவாளாக்கினால் சண்டை எப்படி நிற்கும்? எங்கள் ஊரில் ஈட்டியை யாரும் கண்ணால் கண்டதில்லை. நடக்கிற சண்டை அத்தனையும் அரிவாளில்தான். எழுந்து கேட்டேன். டீச்சர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். 'ஏல, அது கதிரறுக்குத அருவா. ஒஞ் சித்தப்பா வச்சிருக்க அருவா இல்ல. உக்காரு.' இவ்வளவு தெளிவான வேத வியாக்கியானத்தை அதற்கப்புறம் நான் கேட்டதில்லை. யோவேல் தீர்க்கதரிசி இதையே தலைகீழாக, 'மண்வெட்டிகளைப் பட்டயங்களாக' அடிக்கச் சொல்லியிருக்கிறார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. டீச்சரிடம் கேட்காமல் விட்டேன், தப்பித்தார்.

அமெரிக்காவில் ஏசாயாவை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். சாண்டி ஹூக் பள்ளியில் 2012 டிசம்பரில் 20 குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் கொல்லப்பட்ட பிறகு, கொலராடோ ஸ்பிரிங்ஸில் போரே கூடாது என்கிற மெனனைட் சபையின் ஊழியர் ஒருவர் கொல்லன் வேலை கற்றுக்கொண்டு பட்டறை போட்டார். பெயர் ராடூல்ஸ். போரைக் குறிக்கும் 'வார்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் 'ரா'. வேண்டாம் என்று ஒப்படைத்த துப்பாக்கியை அறுத்து, குழலை உலையில் வைப்பார்கள். சிவந்து வந்ததும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தியிடம் சுத்தியலைக் கொடுப்பார்கள். குழல் தட்டையாகி, வளைந்து, தோட்டம் கொத்தும் களைக்கொட்டாக வெளியே வரும். அந்த நாட்டில் பொதுமக்கள் கையில் 39 கோடித் துப்பாக்கிகள் இருப்பதாக 2018-ல் ஒரு கணக்கு வந்தது. இந்த வேகத்தில் களைக்கொட்டு அடித்தால் இரண்டாம் வருகைக்கு முன்னால் முடியாது. இருந்தாலும் ஆயிரம் இரங்கல் அறிக்கையைவிட அந்த ஒரு களைக்கொட்டு எனக்கு மேல்.

ஆனால் எனக்குப் பிடித்தவர்கள் கடை வாசலில் போய் நின்றவர்கள்தான். பிலடெல்பியாவில் ஸ்பிரிங் கார்டன் தெருவில் ஒரு துப்பாக்கிக் கடை. அங்கே துப்பாக்கிக்கும் பினாமி உண்டு. குற்றப்பதிவு இல்லாதவன் வாங்கி, வாங்கக் கூடாதவனுக்குக் கைமாற்றுவான். 2009 ஜனவரியில் சபைக்காரர்கள் கடைக்காரரிடம் பத்து விதிகளைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார்கள். மறுத்தார். நகர மறுத்த பன்னிரண்டு பேர் கைது. பன்னிரண்டு என்பது தற்செயல்தான், யூதாஸைத் தேடாதீர்கள். மே மாதம் விடுதலையானார்கள். கணக்கைச் சரியாக வைக்கவில்லை என்று மத்திய அரசே வழக்குப் போட, அதே ஆண்டு கடை மூடப்பட்டது. அந்தச் சபைக்காரர்களின் இயக்கம் கோவில் புல்வெளிகளில் டி-ஷர்ட்டுகளைக் குச்சியில் மாட்டி வரிசையாக நட்டு வைக்கும். ஒவ்வொன்றிலும் சுடப்பட்டு இறந்தவரின் பெயர், வயது, தேதி. ஆராதனைக்கு வருகிறவர்கள் அந்த வரிசையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

கன்னியாஸ்திரீகள் இன்னும் கெட்டிக்காரர்கள். துப்பாக்கிக் கம்பெனிகளின் பங்குகளை வாங்கிப்போட்டுக்கொண்டு ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்கள். இரண்டாயிரம் டாலருக்குப் பங்கு இருந்தால் அப்போது போதும். 2018-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் தாய்க் கம்பெனியில், உங்கள் துப்பாக்கியால் என்ன நடக்கிறது என்று அறிக்கை கொடுங்கள் என்ற அவர்கள் தீர்மானம் மற்ற பங்குதாரர்களின் ஓட்டோடு ஜெயித்தது. அறிக்கை வந்தது, வியாபாரம் மாறவில்லை. 2023-ல் நிர்வாகிகள் மேலேயே வழக்குப் போட்டார்கள். இவர்கள் எந்தக் குடையின் கீழே இந்த வேலையைச் செய்கிறார்கள் என்று பாருங்கள்: நிறுவனப் பொறுப்புக்கான சர்வசமய மையம், 1971 முதல். பெயரிலேயே இருக்கிறது உங்கள் சொல்.

மார்த்தாண்டத்து அன்பரே, அடுத்த கடிதத்தில் பெயரைப் போடுங்கள். அஞ்சலட்டைக்காரர்கூட இனிஷியலோடு கையெழுத்துப் போடுகிறார். இந்தப் பதிலில் 'மன்னிப்பு' எத்தனை முறை வந்திருக்கிறது என்று அவர் இந்நேரம் எண்ணிக்கொண்டிருப்பார்.