வாசலில் கோலம் இல்லாத அன்று

கேள்வி: எனக்கு 68 வயது. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். கணவர் போய் ஏழு மாதம் ஆகிறது. வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்கிறான் சென்னையில் இருக்கும் மகன். ஒருத்திக்காக உலை வைக்கவே மனமில்லை. பல நாள் தயிர்சாதமும் ஊறுகாயும்தான். போன மாதம் காய்ச்சலில் கிடந்தேன். வாசலில் கோலம் இல்லையே என்று எதிர்வீட்டுப் பெண் கதவைத் தட்டி, தூக்கில் ரசம் கொண்டுவந்தாள். அவள் வராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ! போய்விடுவதுதான் நல்லதா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: அம்மா, வீட்டை இப்போது விற்க வேண்டாம். ஏழு மாதத்தில் எந்தத் துக்கமும் ஆறிவிடாது. பிறகு மாற்ற முடியாத முடிவு எதையும் இந்த நேரத்தில் எடுக்காதீர்கள். மகன் பாசத்தால்தான் கூப்பிடுகிறார். சரி, ஒரு மாதம் போய் இருந்துவிட்டு வாருங்கள். எல்லாரும் வேலைக்குப் போனபின் அந்த ஃபிளாட்டில் பகல்பொழுது எப்படிப் போகிறது, கீழே இறங்கினால் பேச ஆள் உண்டா என்று பாருங்கள்.

நீங்கள் பயந்து எழுதிய வரிதான் எனக்கு நம்பிக்கை தந்தது. உங்கள் வாசலைத் தினமும் கவனிக்க ஒருத்தி இருக்கிறாள்! ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1938-இல் தொடங்கி இன்றும் நடத்திவரும் ஆய்வு ஒன்று உண்டு. 50 வயதில் உறவுகளில் நிறைவாக இருந்தவர்களே 80 வயதில் அதிக ஆரோக்கியத்தோடு இருந்தார்கள் என்று அதில் தெரிந்தது. கொலஸ்ட்ரால் அளவை வைத்துக்கூட அப்படிக் கணிக்க முடியவில்லையாம்.

ஆனால் உதவியை வாங்கிக்கொண்டே இருந்தால் மனம் கூசும், 'பாரமாகிவிட்டோமோ' என்று தோன்றும். அந்தத் தூக்கை வெறுமனே திருப்பித் தந்திருக்க மாட்டீர்கள், நம் வீடுகளில் அந்த வழக்கம் இல்லை. அதையே இன்னும் கொஞ்சம் நீட்டுங்கள். அந்தத் தெருவில் கணக்கு என்றாலே அழுகிற பிள்ளை ஒன்றாவது இருக்கும். சாயங்காலம் திண்ணையில் உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுங்கள். உங்களுக்காக ஒரு குழந்தை நாலரை மணிக்குக் காத்திருந்தால், நாலு மணிக்கு முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொள்ளத் தோன்றும்.

பசியின்மையும் தூக்கமின்மையும் வாரக்கணக்கில் தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம், மருந்தும் ஆலோசனையும் உண்டு. முதியோருக்கான இலவச உதவி எண் 14567. காலை 8 மணியிலிருந்து இரவு 8 வரை பேசலாம்.

அப்புறம், எதிர்வீட்டில் ஒரு சாவி கொடுத்துவையுங்கள். அந்தப் பெண்ணின் ஃபோன் நம்பரை மகனிடமும் கொடுங்கள், அவருக்கும் ராத்திரி தூக்கம் வரும். இன்று ராத்திரி உங்களுக்காக அரை ஆழாக்கு அரிசி வையுங்கள், அம்மா.